போர், வணிகம், இலக்கியம்: படிக்கும்போது மறக்க முடியாமல் போன ஒரு சந்திப்பு

வரலாற்று மாணவி

இந்தத் தலைப்பில் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. முதுகலை படித்தபோது நடந்தது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

வகுப்புக் கருத்தரங்கில் என் தலைப்பு சயாம் மரண ரயில். பின்னணி எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போர், ஜப்பான் ராணுவம், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு (இன்றைய மியன்மார்) 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடிந்த வேலை, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்கள், காலரா. என் தோழி அன்றைக்குத் தன் பாட்டியைக் கூட்டி வந்திருந்தாள். பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். போர் முடிந்து கப்பலேறி ஊர் திரும்பிய குடும்பம்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையின் படத்தைத் திரையில் போட்டேன். சீராக வெட்டிய புல், பெயர் பொறித்த கற்கள், கிட்டத்தட்ட 7,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டி கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்: "இதுல நம்ம ஆளுக எந்த வரிசைம்மா?"

கல்யாண வீட்டில் பந்தி எந்தப் பக்கம் என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். அவருடைய அப்பா சீக்கிரம் வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர். வரவில்லை. என் அடுத்த படத்தில் எண்கள் மட்டும் இருந்தன: இறந்த கைதிகள் சுமார் 13,000, இறந்த கூலித் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை. அதை என்னால் திரையில் போட முடியவில்லை. எங்கள் பேராசிரியர் எழுந்து போய்ப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்களுக்கு அங்க வரிசை இல்லம்மா" என்றார்.

பிறகு கேள்வி நேரம். வகுப்பில் எல்லாரும் சினிமாவில் வந்த அந்தக் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

பழைய பேரேடு

நான் வணிகவியல். பர்மாவில் வட்டிக்குப் பணம் கொடுத்து லேவாதேவி செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகளின் கணக்குமுறைதான் என் ஆய்வு.

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் ரங்கூன் கடைப் பேரேடு (கணக்குப் புத்தகம்) ஒன்று பார்க்கக் கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும் எழுத்து தெளிவு. 1941 கார்த்திகை வரை பக்கம் பக்கமாக வரவு, பற்று. மார்கழியில் ஒரு பக்கம் தொடங்குகிறது. தேதி இருக்கிறது, பற்று என்று இருக்கிறது, ஆள் பெயர் இருக்கிறது. தொகை எழுத வேண்டிய இடம் காலி. அதற்கப்புறம் வெறும் தாள்கள். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது அந்த டிசம்பர் 23-ஆம் தேதி.

"எழுதினது எங்க பெரியப்பா. பர்மா எல்லையில இருக்கிற தாமு வழியா மணிப்பூருக்கு நடந்தே வந்தாரு. துணிமணியெல்லாம் வழியிலே போட்டுட்டாரு, இதை மட்டும் விடல" என்றார் வீட்டுக்காரர்.

என் நெறியாளர் அந்தக் கடைசிப் பக்கத்தை ஆய்வேட்டிலிருந்து எடுக்கச் சொன்னார். முடிவு பெறாத பதிவு தரவாகாதாம். ஆகவே என் ஆய்வேடு கார்த்திகையோடு நின்றுவிட்டது. அந்த ஆய்வில் நான் கண்டதிலேயே பெரிய விஷயம் அந்தக் காலியிடம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டெல்டா

பழைய பேரேடு, உங்கள் பதிவைப் படித்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். தொகை எழுதாமல் விட்ட அந்தப் பெயர் யாருடையது? தமிழ்ப் பெயரா, பர்மியப் பெயரா?

கீழ் பர்மாவில் நெல் விளையும் 13 மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கடைகளின் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். பேராசையில் வளைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த வயல் கடைக்கு வந்து சேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியது பணம். வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவித்தவர்கள்தான் பலர். ஆனால் உழுதவனுக்கு அது ஆறுதல் ஆகாது.

என் அனுபவம் சின்னது. ஒரு மாநாட்டில் ஐராவதி டெல்டாவிலிருந்து வந்த ஒரு மாணவியைச் சந்தித்தேன். மாநாடு முடிந்ததும் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனோம். எல்லாரும் அண்ணாந்து கூரை வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வளவில் (உள்முற்றத்தில்) நின்ற தேக்குத் தூணில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள். "இது எங்கள் நாட்டு மரம்" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய தாத்தாவின் அப்பா நிலம் இழந்தவர் என்று பேருந்தில் திரும்பும்போதுதான் தெரிந்தது.

தமிழ் டீச்சர்

பாடம் புறநானூறு 279. ஒக்கூர் மாசாத்தியார். பாட்டில் வரும் பெண்ணின் தமையன் முந்தாநாள் போரில் இறந்தான், நேற்றைய போரில் கணவன் இறந்தான், இன்றைக்குப் போர்ப்பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனையும் அனுப்புகிறாள். மேல்நிலை வகுப்பு. "வீரத்தாயின் சிறப்பை எழுதுக" என்று நெடுவினா வரும் என்பதால் அதற்கேற்ற குறிப்புகளைத்தான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் அகதிகள் முகாமிலிருந்து வரும் இலங்கைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசாதவள். அன்றைக்கு எழுந்து நின்று, "எண்ணெய் பூசினதை எழுதேல்லையே மிஸ்" என்றாள்.

பாட்டில் இருக்கிறதுதான். மகன் கையில் வேல் கொடுக்கிறாள், அவனுக்கு வெள்ளை ஆடை உடுத்தி விடுகிறாள், பறட்டைத் தலையில் எண்ணெய் நீவி விடுகிறாள். நான் வேல் கொடுத்ததை எழுதியிருந்தேன், ஆடையை எழுதியிருந்தேன்.

அவள் சொன்னாள்: "எங்கட அப்பம்மாவும் சித்தப்பாவுக்கு எண்ணெய் வச்சுத்தான் அனுப்பினவவாம். திரும்பி வரேக்க குளிக்க வாக்கிறன் எண்டு சொன்னவவாம்."

வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. அவளும் அழவில்லை, உட்கார்ந்து நோட்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள். தேர்வில் அவள் விடைத்தாளை நான்தான் திருத்தினேன். எண்ணெய்க்கு ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. நான் கொடுத்தேன்.

மூதின் முல்லை

தமிழ் டீச்சருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. அந்தப் பிள்ளையின் துயரம் உண்மை. ஆனால் பாட்டைத் துயரப் பாட்டாக மாற்றிவிடக் கூடாது. திணை வாகை (வெற்றியைப் பாடுவது), துறை மூதின் முல்லை. மறக்குடி மகளிரின் துணிவைப் பாராட்டும் துறை அது. நம் காலத்து வேதனையை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டில் ஏற்றிவிட்டால் அப்புறம் அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி நினைத்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். போரைப் பற்றிய வருத்தம் வேண்டும் என்றால் பாரி மகளிரின் பாட்டு இருக்கிறது, இறந்தவரை நினைத்து வருந்தும் கையறுநிலைப் பாட்டுகள் ஏராளமாக இருக்கின்றன.

என் கல்லூரி ஆசிரியர் இந்தப் பாட்டை நடத்தும்போது உட்காரவே மாட்டார். "செருமுக நோக்கிச் செல்க என விடுமே" (போர்முனைக்குப் போ என்று அனுப்புகிறாள்) என்று முடிக்கும்போது கையை வாசல் பக்கம் நீட்டுவார். நாங்களே எழுந்து போய்விடுவோம் போல இருக்கும். அந்தக் கம்பீரத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

தமிழ் டீச்சர்

ஐயா, துறையை நானும் சொல்லித்தான் நடத்தினேன். பாட்டு "கெடுக சிந்தை" (இவள் சிந்தை கெடட்டும்) என்றுதான் தொடங்குகிறது. பாடியவர் ஒரு பெண். "ஒருமகன் அல்லது இல்லோள்" (ஒரே மகனைத் தவிர யாரும் இல்லாதவள்) என்று கடைசிக்கு முந்தின வரியில் நிறுத்தி வைத்துச் சொல்கிறார். எண்ணெயை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே. துணிவை மட்டும் பாராட்டுவதாக இருந்தால் வேல் போதுமே. எதையும் நான் ஏற்றவில்லை. இருந்த வரியை அந்தப் பிள்ளை காட்டினாள்.

பங்கு 25 ரூபாய்

மேலாண்மை படிப்பு. இந்தியத் தொழில் வரலாறு ஒரு தாள். குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு நிறுவனம் கொடுத்தார்கள். எங்களுக்குப் பக்கத்துக் குழுவுக்கு வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கப்பல் கம்பெனி.

நன்றாகத்தான் தயாரித்திருந்தார்கள். 1906-ல் பதிவு, மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், தூத்துக்குடி–கொழும்பு வழித்தடம், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது. அப்புறம் பலம், பலவீனம் என்று நாலு கட்டம் போட்ட படம் வந்தது. பலவீனம் என்ற கட்டத்தில் இரண்டாவது வரி: "நிறுவனர் சிறையில்."

எனக்கு உடம்பு கூசியது. அவரை 1908-ல் ராஜதுரோக வழக்கில் பிடித்து, இரட்டை ஆயுள் தண்டனை போட்டு, கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். போட்டியாளரின் பக்கம் அரசாங்கம் நின்றது என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு. அது எதிராளியின் பலத்தில் வர வேண்டியது. இங்கே அவர் கணக்கில் குறையாக எழுதியிருந்தார்கள். கேட்டேன். "நிறுவனப் பார்வையில் அப்படித்தான் வரும்" என்றார்கள். ஆசிரியரும் தலையசைத்தார். முழு மதிப்பெண்.

அந்த 25 ரூபாயைக் கொடுத்தவர்களைப் பற்றி யாராவது படித்திருக்கிறீர்களா? லாபம் பார்க்க மட்டும் வாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 1911-ல் கம்பெனியைக் கலைத்தபோது அவர்கள் வீட்டில் அந்தப் பத்திரம் என்ன ஆனது?

ஆவணப் பிரியன்

என் கதை இரண்டு வரிதான். போர்க்காலக் கடிதக் கட்டு ஒன்றைப் பார்க்கப் போன வீட்டில், நான் போவதற்கு முந்தின வாரம்தான் அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தார்கள். காலிப் பெட்டியை மட்டும் திறந்து காட்டினார்கள், உள்ளே நாப்தலின் வாசனை.

அதனால் இங்கே இருக்கும் மாணவர்களுக்குச் சில சொல்லத் தோன்றுகிறது. முதலில், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே போனில் பதிவு செய்யத் தொடங்குங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். வருஷம் கேட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள். "அப்போ அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, அரிசி ரேஷன்ல கிடைச்சதா" என்று கேளுங்கள், வருஷத்தை நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அவர்கள் நடுவில் நிறுத்தினால் நீங்கள் பேசி நிரப்பாதீர்கள். ஒரே கதையை மறுபடி வேறு மாதிரி சொன்னால் திருத்தாதீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள்கள் இருந்தால் அசலை வாங்கி வராதீர்கள். அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள், உறையையும் சேர்த்து. அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும், போர்க்காலம் என்றால் தணிக்கை முத்திரையும் இருக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் துறைத்தலைவரின் கடிதத்தோடு போங்கள், பென்சில் கொண்டுபோங்கள். அரசாணை எண்ணும் தேதியும் துறையும் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. பழைய தமிழ் அச்சு நூல், பத்திரிகை, விளம்பரம், நோட்டீஸ் வேண்டும் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் தேடித்தேடிச் சேர்த்ததிலிருந்து வளர்ந்தது அது. பங்குதாரர் பற்றிக் கேட்ட நண்பர் பழைய பத்திரிகை விளம்பரங்களிலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று, பேரேடு படிக்கத் தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் தெரிந்திருக்க வேண்டும். காணி, மாகாணி, அரைக்கால், வீசம் எல்லாம். வணிகவியல் துறைகளில் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. தெரிந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிடுங்கள்.

பழைய பேரேடு

டெல்டா, நீங்கள் கேட்டபிறகு எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பர்மியப் பெயர்தான். தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதால் சரியாக எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. முதல் சொல் "மவுங்" என்பது மட்டும் நிச்சயம். உங்கள் தோழியோடு தொடர்பு இருந்தால் அவரிடம் காட்ட முடியுமா?

டெல்டா

அனுப்புங்கள். கேட்டுச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு

நான் சென்னையில் சமூக அறிவியல் ஆசிரியர். முதல் உலகப் போரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டு விழுந்த இடம் என்று உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, அவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் கேட்டுவிட்டு ஐஸ் வாங்கப் போய்விடுவார்கள்.

போன ஆண்டு எங்கள் பள்ளியின் பழைய அலமாரியைச் சுத்தம் செய்தபோது 1942-ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு ஒன்று கிடைத்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன இல்லையா, அதையொட்டிச் சென்னையே காலியானது. அலுவலகங்களைக் கடலோரத்தை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களுக்கு மாற்றினார்கள், மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பதிவேட்டில் அந்த வாரம் பெயர்களுக்கு நேராகச் சிவப்பு மையில் ஊர்ப் பெயர்கள். வேலூர், திருவண்ணாமலை, சேலம். சில பெயர்களுக்கு நேராக வெறும் கேள்விக்குறி.

ஒரு பையன் அந்தக் கேள்விக்குறிகளில் விரலை வைத்து, "சார், இவங்க திரும்ப வந்தாங்களான்னு அடுத்த வருஷ ரெஜிஸ்டர் பாத்தா தெரியுமே" என்றான். அலமாரி முழுக்கத் தேடினோம். 1943 பதிவேடு இல்லை. பையன் விடவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, மதிய இடைவேளையில் ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆவணப் பிரியன், உங்களிடம்தான் கேட்க வேண்டும். தாள் தொட்டால் உதிர்கிறது, நடுவில் தையல் விட்டிருக்கிறது. பிரித்து ஸ்கேன் செய்யலாமா, இல்லை அப்படியே வைத்து மேலிருந்து படமெடுப்பதுதான் நல்லதா? தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார், கோடை விடுமுறைக்குள் முடிக்க வேண்டும்.