கரும்பில் வேர்ப்புழு: நூற்புழு விட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்குச் சத்தியமங்கலம் பக்கம். கட்டைக் கரும்பில் (வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்த்தது) அங்கங்கே தோகை மஞ்சளாகிக் காய்கிறது. தூரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. அடியில் தோண்டினால் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு, தலை மட்டும் செம்பழுப்பு. குருணை மருந்து போட மனசில்லை.

பூச்சியைத் தின்னும் நூற்புழுவை (நெமட்டோடு, கண்ணுக்கே தெரியாத நுண்புழு) பற்றிப் படித்தேன். ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற வகையை 1992-ல் முதன்முதலில் விவரித்ததே நம் கோயம்புத்தூர் கரும்பு வயலில் கிடைத்ததை வைத்துத்தானாம். அது புழுவுக்குள் நுழைந்து தன் வயிற்றிலிருக்கும் பாக்டீரியாவை விடுகிறது, இரண்டு மூன்று நாளில் புழு செங்கல் நிறமாகிச் சாகிறது. (வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு வேறு, இது பயிரைத் தொடாது. வீட்டில் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கவே பெரும்பாடு.)

வெயில் பட்டால் செத்துவிடும், சாயங்காலம் ஈரமண்ணில் விட வேண்டும் என்பது தெரியும். கேட்க வேண்டியது வேறு. பொடியாக வாங்குவதா, நூற்புழு ஏறிய மெழுகுப்புழுவை (தேன்கூட்டு மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு) அப்படியே தூரில் புதைப்பதா, எது நமக்குத் தோது? சொட்டுநீரில் விட்டால் வடிகட்டியில் நின்றுவிடுமா? வாங்கும் பொடியில் உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? இதோடு பூச்சியைக் கொல்லும் பூஞ்சையான மெட்டாரைசியமும் சேர்த்துக் கொடுக்கலாமா?

சரி, அப்புறம் முக்கியமானது: ஈரோடு, கோவை பக்கம் நல்ல சரக்கு எங்கே கிடைக்கிறது, ஏக்கருக்கு என்ன செலவாகிறது? கரும்பில் விட்டுப் பார்த்தவர்கள் பலன் இல்லையென்றாலும் அப்படியே சொல்லுங்கள்.