மின்கட்டணக் குறுஞ்செய்தி மோசடி: வங்கி மறுத்த தொகையை மீட்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். "மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழைக்கவும்" என்று சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து வந்த குறுஞ்செய்தியை நம்பி அழைத்த என் சித்தப்பாவை, திரையைப் பகிரும் செயலி ஒன்றைப் பதிவிறக்க வைத்து, 10 ரூபாய் மட்டும் கட்டச் சொல்லி, அவர் தட்டிய கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பார்த்துக்கொண்டே கணக்கிலிருந்த பணத்தை எடுத்துவிட்டார்கள். உடனே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணில் புகார் பதிந்து, வங்கிக்கும் தெரிவித்து ஒப்புகை எண் பெற்றோம். அதன் பிறகும் ஒரு முறை பணம் போயிருக்கிறது என்பதுதான் மனதை வதைக்கிறது.

வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த மோசடியானாலும், தகவல் தெரிவித்த பின் ஏற்படும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறுகிறது. வங்கியோ புகாருக்கு முன் போன தொகையையும் பின் போன தொகையையும் ஒன்றாகச் சேர்த்து, ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள் என்று எழுத்தில் மறுத்துவிட்டது. ஆகவே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட இருக்கிறோம்.

புகாருக்குப் பின் போன தொகையை மட்டும் தனியாகக் கோரி மீட்டவர்கள் இங்கே இருந்தால், புகார் கொடுத்த நேரத்தை நிறுவ எந்தெந்த ஆவணங்களை இணைத்தீர்கள் என்றும், வங்கியின் அழைப்புப் பதிவைக் கேட்டுப் பெற முடிந்ததா என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள்.