சொல்லிவிட்டுப் போனால் அது ஆய்வா? முதியோர் இல்லச் சோதனை பற்றி ஒரு சண்டை

ராப்பணி:
இல்லங்களுக்குத் தணிக்கைக்குப் போகிற நேர்கோடு சார் இந்தக் கருத்துக்களத்தின் வேறொரு திரியில் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன். “முதியோர் இல்லத்துக்கு ஆய்வுக்குப் போவதென்றால் ஒரு வாரம் முன்பே தேதி சொல்லிவிட வேண்டும். அது அவர்கள் வீடு, அத்துமீறி நுழையக் கூடாது. ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் அரை நாளில் முடித்துவிடலாம்.” இதற்குக் கைதட்டல் வேறு.

படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நர்ஸாக இருந்த காலத்தில் நான் பெரும்பாலும் பார்த்தது நைட் டியூட்டி. தேதி தெரிந்த ஆய்வுக்கு முந்தைய வாரம் என்ன நடக்கும் என்று இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். லீவில் போனவர்களை எல்லாம் கூப்பிடுவார்கள். கட்டிலுக்குக் கட்டில் புது விரிப்பு. மருந்து சார்ட்டில் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் ஒரே மூச்சில் கையெழுத்து விழும். ஒரே பேனா, ஒரே சாய்வு. “சும்மா சும்மா அடிக்கிறார்” என்று சுருட்டிக் கட்டிலுக்குப் பின்னால் சொருகிய அழைப்பு மணிக் கயிறு அன்றைக்கு மட்டும் பாட்டியின் கைக்கு வரும். ஆய்வாளர் “திருப்தி” என்று எழுதிவிட்டுப் போன பிறகு கயிறு மறுபடியும் பின்னால்.

ஆஸ்திரேலியாவில் ஓக்டன் என்று ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் இருந்தது. 2016இல் ஆய்வு செய்து, 44 அளவுகோல்களில் 44ம் நிறைவு என்று சொல்லி மூன்று வருட அங்கீகாரம் கொடுத்தார்கள். 2017இல் அதே இல்லத்தை மூட வேண்டி வந்தது. அதைக் கண்டுபிடித்தது ஆய்வு இல்லை. தங்கள் வீட்டுப் பெரியவருக்கு மருந்து அளவு தவறியதையும் உடம்பில் கன்றிப்போன காயங்களையும் பார்த்துவிட்டு, புகாரை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு குடும்பம். 44க்கு 44, சார். உங்கள் ஆவணமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

நேர்கோடு:
சிஸ்டர், கோபப்படுவது வாதம் ஆகாது. நான் எழுதியதில் பாதியை வெட்டிப் போட்டிருக்கிறீர்கள். ஆய்வு என்பது ரெய்டு அல்ல. சொல்லாமல் போய் நின்றால் மேலாளர் வெளியே போயிருப்பார். மருந்து அலமாரிச் சாவி அவரிடம் இருக்கும். லிஃப்ட் சான்றிதழும் தீயணைப்புப் பயிற்சிப் பதிவும் எங்கே என்று இருக்கும் பெண்ணுக்குத் தெரியாது. அரை நாள் வாசலில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான். அதைவிட முக்கியம், குடும்பத்தாரிடம் பேச வேண்டும். தேதி சொன்னால்தானே அவர்கள் வருவார்கள்?

ஓக்டனில் தோற்றது பார்க்கத் தெரியாத ஆய்வாளர்கள். முன்னறிவிப்பின் மேல் பழி போடாதீர்கள். பார்க்கத் தெரியாதவர் நடுராத்திரியில் சுவர் ஏறிக் குதித்தாலும் எதையும் பார்க்க மாட்டார்.

ராப்பணி:
மருந்து அலமாரிச் சாவி மேலாளரிடம் இருக்கிறது, மேலாளர் வெளியே இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த நேரத்தில் ஒரு தாத்தாவுக்கு நெஞ்சு அடைத்தால் மாத்திரையை எங்கிருந்து எடுப்பார்கள்? இதைக் கண்டுபிடிக்கத்தான் சொல்லாமல் போக வேண்டும் என்கிறேன்! நீங்கள் சிரமம் என்று சொல்வதுதான் ஐயா கண்டுபிடிப்பு.

ஓக்டனுக்கு அப்புறம் அந்த நாடு என்ன செய்தது என்று ஏன் எழுதவில்லை? 2018 ஜூலை 1 முதல் மறு அங்கீகார ஆய்வுகளைச் சொல்லாமல் நடத்த ஆரம்பித்தார்கள். அதுவரை தேதி சொல்லித்தான் போனார்கள். அமெரிக்காவில் 1987இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்தில் இன்னும் கறார். ஆய்வு தேதியை முன்கூட்டி இல்லத்துக்குக் கசியவிட்டவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். நீங்கள் மரியாதை என்று சொல்கிற அதே காரியத்துக்கு அங்கே அபராதம்.

கூட்டெழுத்து:
ஒரு சந்தேகம். நாம் எந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறோம்? அரசு உரிமம் தரும் ஆய்வா, இல்லமே வைத்துக்கொள்ளும் உள் தணிக்கையா, அல்லது அப்பா அம்மாவைச் சேர்ப்பதற்கு முன் பிள்ளைகள் போய்ப் பார்ப்பதா? மூன்றுக்கும் விதி வேறு வேறு இல்லையா?

இல்லக்காரர்:
அபராதம், அபராதம், அபராதம். சிஸ்டர் எங்கே வந்தாலும் எங்களைத் திருடர்களாக்கிவிட்டுத்தான் போவார். போன மாதம் தூக்க மாத்திரை பற்றிய திரியிலும் இதே கதைதான். நான் இல்லம் நடத்துகிறவன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எங்களுக்கு எப்படிப்பட்ட நேரம் தெரியுமா? எழுப்பி, டயப்பர் மாற்றி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ஊட்டிவிட்டு முடிப்பதற்குள் ஆட்களுக்கு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் நான்கு பேர் கையில் அட்டையோடு வந்து நின்றால், பாதி குளித்த அம்மாவை விட்டுவிட்டு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மறதி நோய் உள்ளவர்கள் புது முகத்தைப் பார்த்தால் கலவரமாகிவிடுவார்கள், அன்றைய நாள் முழுக்கத் தூங்க மாட்டார்கள். இதையெல்லாம் யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

ராப்பணி:
தேதி சொல்லிவிட்டு வந்தால் புது முகம் பழைய முகமாகிவிடுமா?

தூக்க மாத்திரைத் திரியை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். அங்கே பேசியது, தூங்க வைப்பதற்காக மனநோய் மருந்து கொடுப்பதைப் பற்றி. மனநோய்க்குத் தரும் மருந்துகளை மறதி நோய் வந்த முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு ஆபத்து கூடுகிறது என்று 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை போட்டது. அன்றைக்கு நான் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் இல்லத்தில் எத்தனை பேர் அந்த மருந்தில் இருக்கிறார்கள், யாருக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது? இன்றுவரை பதில் வரவில்லை. பதில் சொல்ல உங்களுக்கும் ஒரு வார முன்னறிவிப்பு வேண்டுமோ?

மூத்தமகன்:
எல்லாரும் ஆய்வாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அம்மா இல்லத்தில் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் தலை வாரி, பொட்டு வைத்து, நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். ஒருநாள் சொல்லாமல் போனேன். நனைந்த உடையோடு கட்டிலில் கிடந்தார், இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி ஏற்றிவிட்டிருந்தது. “விழாமல் இருக்கத்தான் சார்” என்றார்கள். அதனால் சிஸ்டர் சொல்வதுதான் சரி. ஆனால் இதற்கெல்லாம் ஆய்வாளர் எதற்கு? அறைக்கு அறை கேமரா வையுங்கள், முடிந்தது.

ராப்பணி:
தம்பி, அந்தக் கம்பியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அது எல்லாருக்கும் பாதுகாப்பு இல்லை. மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் தலையோ கழுத்தோ மாட்டி இறந்தவர்கள் உண்டு. தாண்டி இறங்கப் பார்த்து இன்னும் உயரத்திலிருந்து விழுந்தவர்கள் உண்டு. யாருக்கு, ஏன் போட்டார்கள், குடும்பத்திடம் கேட்டார்களா என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கட்டிப்போடுவதற்குச் சமம்.

அடுத்த முறை போகும்போது அம்மாவின் குதிகாலையும் முதுகுக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடத்தையும் பாருங்கள். படுக்கைப் புண் முதலில் தோல் கிழியாமல்தான் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை என்றால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போலக் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், இல்லை கெட்டியாக இருக்கும். எடைப் பதிவையும் கேளுங்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்திருந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். புது விரிப்பு போட்டு இதையெல்லாம் மறைக்க முடியாது.

நேர்கோடு:
நன்றி சிஸ்டர், என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். புண் ஒரு வாரத்தில் மறையாது, எடை ஒரு வாரத்தில் ஏறாது. அப்படியானால் முன்னறிவிப்பு கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? எது முக்கியமோ அதை ஒளிக்க முடியாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ராப்பணி:
புண் மறையாது. புண் வந்தவரை மறைக்கலாம். “ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்” என்று சொன்னால் உங்கள் அட்டையில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்? இரவுக்கு ஒரே ஒரு ஆயாவை வைத்து ஓட்டுகிறவர்கள் ஆய்வு வாரத்தில் மூன்று பேரைக் காட்டுவதும் உங்கள் அட்டையில் தெரியாது. அமெரிக்காவில் இல்லங்கள் தாங்களே சொன்ன ஆள் கணக்கை நம்ப முடியாமல்தான் 2016 முதல் சம்பளப் பதிவிலிருந்து எடுத்த விவரத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆய்வுகளில் பத்தில் ஒன்றாவது மாலையிலோ அதிகாலையிலோ வார இறுதியிலோ தொடங்க வேண்டும் என்றும் அங்கே விதி இருக்கிறது.

நேர்கோடு:
பத்தில் ஒன்று! அப்படியானால் பத்தில் ஒன்பது வரை வார நாளில், பகலில் நடக்கலாம். இவ்வளவு நேரம் நீங்கள் தூக்கிப் பிடித்த சட்டமே அதை அனுமதிக்கிறது. ராத்திரி ராத்திரி என்று எழுதுகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

ராப்பணி:
பகலில் போனாலும் சொல்லாமல்தான் போகிறார்கள். அதை விட்டுவிட்டீர்களே. 2,000 டாலர், சார். 2,000 டாலர்.

நேர்கோடு:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். இங்கிலாந்தில் மருத்துவமனைகளையும் பராமரிப்பு இல்லங்களையும் ஆய்வு செய்ய 2009இலிருந்து ஒரு ஆணையம் இருக்கிறது. சொல்லாமலும் போவார்கள். பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நல்ல தலைமை இருக்கிறதா என்று ஐந்து கேள்வி வைத்து நான்கு தரம் போடுவார்கள். இல்லம் அந்தத் தரத்தை வாசலில் மாட்ட வேண்டும் என்று 2015 முதல் சட்டம். ஆனால் 2024இல் அந்த ஆணையத்தைப் பற்றியே அரசுக்காக பென்னி டாஷ் என்ற மருத்துவர் செய்த மறுஆய்வில் என்ன வந்தது? அந்த ஆணையம் ஆய்வு செய்யக்கூடிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருமுறைகூடத் தரம் போடவில்லை. சொல்லிப் போகிறோமா சொல்லாமல் போகிறோமா என்பதா பிரச்சினை? முதலில் ஆள் போகட்டும். வருடா வருடம் ஒழுங்காகத் தேதி போட்டுப் போகிறவன் நான். என்னைப் பிடித்துத் திட்டுகிறீர்கள்.

மூத்தமகன்:
கேமரா பற்றி யாருமே பதில் சொல்லவில்லை.

இல்லக்காரர்:
நான் சொல்கிறேன். உங்கள் அம்மா உடை மாற்றுவதையும் டயப்பர் மாற்றுவதையும் யார் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாவின் பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்களா? நடைபாதையில் வைத்திருக்கிறோம், கூடத்தில் வைத்திருக்கிறோம். அறைக்குள் முடியாது. தினமும் வந்து உட்காருங்கள், யாரும் தடுக்கவில்லை.

மூத்தமகன்:
தினமும் வரச் சொல்கிறீர்கள். 2020இல் கொரோனா என்று சொல்லிக் கதவைச் சாத்தியபோது எங்கே போய் உட்கார்ந்திருப்பது? அப்போது ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அம்மாவைப் பார்த்தேன். அறைக்குள் ஒரு கேமரா இருந்திருந்தால் தண்ணீர் குடித்தாரா என்றாவது தெரிந்திருக்கும். மானம் மானம் என்கிறீர்களே, அம்மாவை நனைந்த துணியில் போட்டு வைத்தபோது அந்த மானம் எங்கே போனது?

ராப்பணி:
தம்பியின் வலி புரிகிறது, ஆனால் கேமராவுக்கு நான் எதிர்ப்புத்தான். கேமராவுக்கு வாடை தெரியாது. தொடத் தெரியாது. கட்டிலில் கிடக்கிறவரிடம் குனிந்து “ராத்திரி மணி அடித்தால் யாராவது வருகிறார்களா பாட்டி?” என்று கேட்கத் தெரியாது.

2020 பேச்சு வந்ததால் இதையும் எழுதுகிறேன். அப்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வழக்கமான ஆய்வுகளை நிறுத்தி வைத்தார்கள். குடும்பமும் உள்ளே போக முடியாது, ஆய்வாளரும் போக மாட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு இல்லம் எழுதியதுதான் சாட்சி. நேர்கோடு சாரின் உலகம் அதுதான், எல்லாம் ஆவணத்தில் சரியாக இருக்கும். 44க்கு 44.

நேர்கோடு:
மறுபடியும் 44ஆ? நான் ஐந்தில் ஒன்று என்று சொன்னதற்குப் பதில் எங்கே?

ராப்பணி:
போகாதவர்களை நான் ஆதரிக்கவில்லையே! போங்கள். போகும்போது சொல்லாமல் போங்கள். இதில் எந்த எழுத்து புரியவில்லை?

கூட்டெழுத்து:
பிள்ளைகள் போய்ப் பார்ப்பதைத்தான் மூத்தமகன் சொல்கிறார், அரசு ஆய்வை சிஸ்டர் சொல்கிறார், நேர்கோடு அவருடைய தணிக்கையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பிரித்துக்கொண்டு பேசலாமா?

இல்லக்காரர்:
தணிக்கையோ ஆய்வோ, எனக்கு எல்லாம் ஒன்றுதான், வேலை கெடுகிறது. அதோடு சிஸ்டருக்கு ஒன்று. இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் டியூட்டியில் இருந்தபோது அந்த மணிக் கயிறு கட்டிலுக்குப் பின்னால் கிடந்ததைப் பார்த்தீர்களே, அன்றைக்கே எங்கே புகார் கொடுத்தீர்கள்?

ராப்பணி:
ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் அவிழ்த்துக் கையில் கொடுத்தேன். டியூட்டி ரிஜிஸ்டரில் எழுதினேன். மேலாளரிடம் சொன்னேன். அடுத்த மாதம் என்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நான் எழுதிய அந்தப் பக்கத்தை, தேதி சொல்லிவிட்டு வந்த எந்த ஆய்வாளரும் கேட்கவில்லை. அவர்களிடம் அதற்குள் வேறு ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது உங்கள் முறை. உங்கள் இல்லத்தில் இன்று இரவு எத்தனை பேர் டியூட்டி?

இல்லக்காரர்:
விதிப்படி எத்தனை பேர் இருக்க வேண்டுமோ அத்தனை பேர்.

ராப்பணி:
எண் கேட்டேன்.

நேர்கோடு:
பொதுவெளியில் ஒருவரின் இல்லத்து விவரத்தை இப்படிக் குடைவது முறையில்லை, சிஸ்டர். முறையாக எழுதிக் கேட்டால் முறையாகப் பதில் வரும்.

ராப்பணி:
எழுதிக் கேட்டு, தேதி கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் இரண்டு ஆயாவைக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள். எண் சொல்லுங்கள்.

மூத்தமகன்:
இந்தச் சண்டையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எனக்கு ஒருவர் சொல்லுங்கள். அறைக்குள் கேமரா வைக்க அம்மாவே எழுதிக் கொடுத்தால், இல்லக்காரர் என்ன சொல்லித் தடுப்பார்?

இல்லக்காரர்:
பக்கத்துக் கட்டில் அம்மாவும் எழுதித் தரட்டும், அப்புறம் பேசலாம்.