டெர்மினல் விண்டோ இடத்தை சேவ் பண்ணி திரும்ப வைச்சா ஒவ்வொரு தடவையும் 28 பிக்சல் கீழ இறங்குது

கருந்திரை:

வணக்கம் நண்பர்களே, லினக்ஸ்ல எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், எக்ஸ்11 (திரையில விண்டோக்களைக் காட்டுற பழைய அமைப்பு) செஷன், ரெண்டு மானிட்டர், ரெண்டும் 1920க்கு 1080. வேலை ஆரம்பிக்கிறப்ப நாலு டெர்மினல் திறப்பேன், ஒண்ணு எடிட்டர், ஒண்ணு டெஸ்ட் ஓடுறதுக்கு, ஒண்ணு சர்வர்ல எஸ்எஸ்ஹெச், ஒண்ணு லாக் மட்டும். இதை தினமும் கையால இழுத்து இழுத்து வைக்கிறது அலுத்துப்போச்சு, அதனால ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். சாயங்காலம் எக்ஸ்டூடூல் (விண்டோவைக் கமாண்டால தேடி நகர்த்துற கருவி) வைச்சு ஒவ்வொரு விண்டோவோட எக்ஸ், ஒய், அகலம், உயரம் நாலையும் ஒரு ஃபைல்ல எழுதிடும். மறுநாள் நாலு டெர்மினலையும் திறந்து, ஒரு செகண்ட் ஸ்லீப், அப்புறம் விண்டோமூவ், விண்டோசைஸ், அவ்வளவுதான்.

முதல் நாள் ஒழுங்கா வந்துச்சு. ரெண்டாம் நாள் ஏதோ சரியில்லையேன்னு தோணுச்சு, ஃபைலைப் பாத்தா லாக் விண்டோவோட ஒய் முதல்ல 128, அடுத்த நாள் 156, அதுக்கு அடுத்த நாள் 184. சரியா 28 28ஆ ஏறுது. நான் கையால தொடவே இல்லை. இப்படியே போனா கீழ இருக்கற வரியெல்லாம் திரைக்கு வெளிய போயிடும். சேவ் பண்றப்ப 28ஐ கழிச்சா சரியாயிடும்னு தெரியுது, ஆனா அந்த 28 எங்கிருந்து வருதுன்னு தெரியாம கழிக்க மனசு வரல. இன்னொரு தொல்லை, சில நாள் எடிட்டர் இருக்க வேண்டிய இடத்துல லாக் விண்டோ போய் உக்காந்துக்குது. ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

---

சட்டம்_பார்:

ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை, தனித்தனி பிரச்சனை. முதல்ல 28.

எக்ஸ்11ல உங்க டெர்மினல் ஒரு விண்டோ, அதுக்கு வெளிய டைட்டில் பாரும் பார்டரும் சேர்ந்த ஃபிரேம் இன்னொரு விண்டோ. அந்த ஃபிரேமை விண்டோ மேனேஜர் செஞ்சு, டெர்மினலைத் தூக்கி அதுக்குள்ள வைக்குது. எக்ஸ்டூடூல்கிட்ட "எங்க இருக்க"ன்னு கேட்டா உள்ள இருக்கற டெர்மினலோட மூலையைச் சொல்லும். ஆனா "128க்கு போ"ன்னு சொன்னீங்கன்னா விண்டோ மேனேஜர் வெளி ஃபிரேமோட மூலையைக் கொண்டுபோய் 128ல வைக்கும். டைட்டில் பார் உயரம் 28, அதனால டெர்மினல் 156ல நிக்கும். அதை நீங்க சாயங்காலம் திரும்ப சேவ் பண்றீங்க. படிக்கிற கணக்கு ஒண்ணு, வைக்கிற கணக்கு வேற ஒண்ணு, அதான் தினமும் ஒரு டைட்டில் பார் உயரம் இறங்குது.

இன்னொண்ணு சொல்றேன், உங்க ஃபைல்ல எக்ஸ் மதிப்பையும் பாருங்க. இடது பக்க பார்டர் எவ்வளவோ அவ்வளவு வலது பக்கமும் நகர்ந்திருக்கும். ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல்னா கண்ணுக்குத் தெரியாது.

28ன்னு ஸ்கிரிப்ட்ல நேரா எழுதிடாதீங்க, தீம் மாத்தினா அதுவும் மாறும். எக்ஸ்ப்ராப் கமாண்டை அந்த விண்டோ ஐடியோட ஓட்டி நெட் ஃபிரேம் எக்ஸ்டென்ட்ஸ் (ஃபிரேம் நாலு பக்கமும் எவ்வளவு பிக்சல்) ப்ராப்பர்ட்டியைக் கேளுங்க, நாலு நம்பர் வரும், வரிசை இடது, வலது, மேல், கீழ். எக்ஸ்ல இருந்து முதல் நம்பரையும், ஒய்ல இருந்து மூணாவது நம்பரையும் கழிக்கணும். மேல்னா ரெண்டாவதுன்னு நினைச்சு நான் ஒரு ராத்திரி முழுக்க முட்டிக்கிட்டிருக்கேன், அதனால வரிசையை நல்லா பாத்துக்கங்க.

ஆனா இதைவிட லேசான வழி ஒண்ணு இருக்கு. எக்ஸ்வின்இன்ஃபோ (விண்டோவோட இடத்தையும் அளவையும் சொல்ற கமாண்ட்) ஓட்டுங்க. நிறைய பேர் அதுல மேல இருக்கற அப்சல்யூட் எக்ஸ், ஒய் வரியை மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்க, அதுவும் உள் விண்டோவோட இடம்தான், அதே சிக்கல்தான் வரும். கடைசி வரியைப் பாருங்க, ஜியாமெட்ரின்னு ஆரம்பிக்கும், அதுக்கு அப்புறம் 80×24+1921+100 மாதிரி இருக்கும் (நடுவுல இருக்கறது சின்ன எக்ஸ் எழுத்து). அந்த வரி ஃபிரேமையும் தேடிப்பிடிச்சு கணக்குல எடுத்துக்கும், அதோட அளவையும் பிக்சல்ல சொல்லாம எத்தனை காலம் (column, நெட்டு வரிசை) எத்தனை வரின்னு டெர்மினல் பாஷையில சொல்லும். அதை அப்படியே வெட்டி சேவ் பண்ணி, மறுநாள் டெர்மினலைத் திறக்கிறப்பவே ஜியாமெட்ரி ஆப்ஷன்ல கொடுத்துடுங்க. திறந்துட்டு நகர்த்துற வேலையே இல்லை.

விண்டோ ஐடிக்கு டெர்மினலுக்குள்ளயே விண்டோஐடின்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கும், அதை எடுத்துக்கலாம். டிமக்ஸ் (ஒரே டெர்மினல்ல பல செஷன் ஓட்டுற கருவி) உள்ள இருந்தா மட்டும் நம்பாதீங்க, செஷன் முதல்ல ஆரம்பிச்சப்ப இருந்த பழைய ஐடியே அங்க ஒட்டிக்கிட்டு இருக்கும்.

---

தாமதன்:

ரெண்டாவது பிரச்சனைக்கு நான் சொல்றேன், இதுல நானும் நல்லா மாட்டியிருக்கேன். டெர்மினலைத் திறந்த உடனே கிடைக்கிற ப்ராசஸ் ஐடியை வைச்சு விண்டோவைத் தேடுறீங்களா? அப்படின்னா அதான் காரணம். எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலும் சரி க்னோம் டெர்மினலும் சரி, ஏற்கனவே ஓடுற ஒரே ப்ராசஸ்கிட்ட டிபஸ் (ப்ராசஸ்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற வழி) வழியா "இன்னொரு விண்டோ திற"ன்னு சொல்லிட்டு புதுசா வந்த ப்ராசஸ் செத்துடும். நாலு விண்டோவுக்கும் ஒரே ப்ராசஸ் ஐடி, தேடினா நாலும் வரும், எது முதல்ல வரும்னு உத்தரவாதம் கிடையாது. எக்ஸ்எஃப்சிஇ டெர்மினல்ல டிசேபிள் சர்வர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டா ஒவ்வொண்ணும் தனி ப்ராசஸா வரும். இல்லைன்னா டைட்டில் கொடுத்துத் தேடுங்க, ஆனா "லாக்"னு சாதாரணமா வைக்காதீங்க, எக்ஸ்டூடூல் பேர்ல எந்த இடத்துல அந்த வார்த்தை இருந்தாலும் பிடிக்கும், பிரவுசர்ல லாக்னு ஒரு பக்கம் திறந்திருந்தா அதையும் தூக்கிட்டுப் போய் மூலையில வைக்கும். வேற எங்கயும் வராத மாதிரி ஒரு பேர் வைங்க. அப்புறம் பாஷ் ப்ராம்ப்டே டைட்டிலை மாத்தி எழுதிடும், நிறைய டிஸ்ட்ரோல பிஎஸ்1குள்ள (ப்ராம்ப்ட் எப்படி இருக்கணும்னு சொல்ற வேரியபிள்) அது டீஃபால்ட்டாவே இருக்கும், அதனால டைனமிக் டைட்டில் மோடை 'நன்' (none, எதுவும் வேண்டாம்)னு போட்டுடுங்க.

அந்த ஒரு செகண்ட் ஸ்லீப்பை முதல்ல எடுங்க. மெஷின் பிஸியா இருக்கற அன்னிக்கு ஒரு செகண்ட் பத்தாது, மத்த நாள்ல வீணா காத்துக்கிட்டிருக்கும். எக்ஸ்டூடூல் சர்ச்ல சிங்க் ஆப்ஷனும் ஒன்லி விசிபிள் ஆப்ஷனும் சேர்த்துப் போட்டா விண்டோ திரைல வர்ற வரைக்கும் அதுவே நிக்கும்.

---

கருந்திரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. முதல்ல போய் எக்ஸ் மதிப்பைப் பாத்தேன், 1922, 1923, 1924! ஒவ்வொரு நாளும் ஒரு பிக்சல் வலது பக்கம், நான் கவனிக்கவே இல்லை. எக்ஸ்ப்ராப் காட்டினது 1, 1, 28, 1. கணக்கு அப்படியே உக்காந்துடுச்சு.

எக்ஸ்வின்இன்ஃபோ கடைசி வரியை சேவ் பண்ற மாதிரி மாத்திட்டேன், பத்து தடவை மூடி மூடித் திறந்தேன், அசையல. டிசேபிள் சர்வரும் போட்டாச்சு, இடம் மாறுறது நின்னுபோச்சு.

இப்ப ஒரே ஒரு உறுத்தல். திரையைச் சரி பாதியா பிரிக்க 960 பிக்சல் அகலம் கொடுத்தேன், ஆனா நடுவுல ஒரு சின்ன இடைவெளி விழுது, பின்னாடி வால்பேப்பர் கோடு மாதிரி தெரியுது. அதோட அடுத்து வேலண்டுக்கு (எக்ஸ்11க்கு பதிலா வந்த புது அமைப்பு) மாறலாமான்னு ஒரு யோசனை, அங்க இந்த ஸ்கிரிப்ட் ஓடுமா?

---

சட்டம்_பார்:

அந்த இடைவெளி தப்பு இல்லை, டெர்மினல் அப்படித்தான். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம், அரைக் கட்டம்னு ஒண்ணு கிடையாது. உங்க ஃபாண்ட்ல ஒரு கட்டம் 9 பிக்சல் அகலம்னு வைங்க, 960ல 106 கட்டம் போகும், 954 ஆச்சு, மிச்சம் 6 பிக்சல். டெர்மினல் "நான் 9 9ஆத்தான் வளருவேன்"னு விண்டோ மேனேஜர்கிட்ட ஹின்ட் கொடுத்து வைச்சிருக்கும், அது அந்த 6ஐ வெட்டிடும். ஸ்க்ரோல்பார் வைச்சிருந்தா அதோட அகலமும் இதுல கழியும். இடது பக்க விண்டோவை 0ல இருந்தும் வலது பக்க விண்டோவை வலது ஓரத்துல இருந்தும் வைங்க, ஜியாமெட்ரில ப்ளஸுக்கு பதிலா மைனஸ் போட்டா அந்த ஓரத்துல இருந்து எண்ணும், மைனஸ் 0ன்னா வலது ஓரத்தோட ஒட்டி. இடைவெளி நடுவுல ஒரே இடத்துல சேரும், ஃபாண்ட் சைஸை ஒண்ணு கூட்டிக் குறைச்சா அதையும் பெரும்பாலும் மறைச்சிடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, இந்த ஓரம்ங்கறது ரெண்டு மானிட்டரும் சேர்ந்த மொத்தத் திரையோட ஓரம், முதல் மானிட்டரோட ஓரம் இல்லை.

எண்ணிக்கையை டெர்மினலுக்குள்ள இருந்தே எடுக்கணும்னா எஸ்டிடிஒய் சைஸ் கமாண்ட் போதும், ஆனா அது வரியை முதல்ல சொல்லும், காலத்தை அப்புறம் சொல்லும். ஜியாமெட்ரில காலம் முதல்ல. 24 80ன்னு வந்ததை அப்படியே ஒட்டினா ஒல்லியா உயரமா ஒரு விண்டோ வந்து நிக்கும்.

---

நீர்க்குமிழி:

வேலண்டைப் பத்தி நேரா சொல்லிடறேன், இந்த ஸ்கிரிப்ட் அங்க ஓடாது. அங்க ஒரு விண்டோவுக்கு தான் திரையில எங்க இருக்கோம்னே தெரியாது, ப்ரோட்டோகால்லயே அந்த விஷயம் இல்லை, வேணும்னே அப்படி வைச்சிருக்காங்க. ஒரு அப்ளிகேஷன் இன்னொண்ணோட விண்டோவைப் பாக்கவும் கூடாது நகர்த்தவும் கூடாதுங்கறதுதான் எண்ணம், எனக்கு அது நியாயமாத்தான் படுது. எக்ஸ்டூடூல் ஓடும், ஆனா எக்ஸ்வேலண்ட் (எக்ஸ்11 அப்ளிகேஷன்களை வேலண்ட்ல ஓட வைக்கிற பாலம்) வழியா வர்ற விண்டோக்கள் மட்டும்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அதனால கேள்வியை காம்போசிட்டர்கிட்ட (வேலண்ட்ல விண்டோக்களை வைச்சு திரையில காட்டுற ப்ரோக்ராம்) கேக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி. ஸ்வேல ஸ்வேஎம்எஸ்ஜி வைச்சு ட்ரீயைக் கேட்டா ஜேசான் வரும், ஒவ்வொரு விண்டோவுக்கும் ரெக்ட்னு எக்ஸ், ஒய், அகலம், உயரம் இருக்கும். ஹைப்ர்லேண்ட்ல ஹைப்ர்சிடிஎல் கிளையன்ட்ஸ். கேடிஇல செட்டிங்ஸ்லயே விண்டோ ரூல்ஸ் இருக்கு, ஸ்கிரிப்டே வேண்டாம், இல்லைன்னா க்வின் ஸ்கிரிப்ட். க்னோம்லதான் கஷ்டம், முன்னாடி ஷெல் ஈவால்னு ஒரு டிபஸ் வழி இருந்துச்சு, க்னோம் 41ல அதை அடைச்சிட்டாங்க, இப்ப எக்ஸ்டென்ஷன் இல்லாம வழி இல்லை.

நான் ஸ்வேல பண்றது என்னன்னா, ஃபுட் டெர்மினலை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆப் ஐடி (விண்டோவுக்கு நான் வைக்கிற அடையாளப் பேர்) கொடுத்துத் திறக்கிறேன், கான்ஃபிக்ல "இந்த ஆப் ஐடி வந்தா மிதக்க விடு, இந்த அளவு, இந்த இடம்"னு ஒரு வரி. சேவ் பண்ற வேலையே போச்சு, இடம்ங்கறது நான் எழுதி வைச்சதுதான்.

யாராவது எஸ்கேப் சீக்வென்ஸ் (டெர்மினலுக்கு கட்டளையா அனுப்புற எழுத்து வரிசை) வைச்சு இடத்தைக் கேக்கலாமேன்னு வருவாங்க, அதையும் சொல்லிடறேன். எஸ்கேப், சதுர அடைப்பு, 18, சின்ன டி அனுப்பினா வரி காலம் எண்ணிக்கை பதிலா வரும், 14 போட்டா பிக்சல் அளவு, 13 போட்டா இடம். எஸ்எஸ்ஹெச் வழியா போனாலும் வேலை செய்யும், ஏன்னா பதில் சொல்றது உங்க பக்கத்து டெர்மினல். ஆனா அந்தப் பதில் நீங்க கீபோர்டுல அடிச்ச மாதிரியே உள்ள வந்து விழும், எக்கோவை நிறுத்திட்டு படிக்கலைன்னா ப்ராம்ப்ட்ல குப்பையா நிக்கும். எல்லா டெர்மினலும் எல்லாத்துக்கும் பதில் சொல்லாது. ஃபுட் வேலண்ட் காரணமா இடத்தைக் கேட்டா எப்பவும் 0, 0ன்னுதான் சொல்லும்.

---

இரட்டைப்படகு:

மேக்லயும் விண்டோஸ்லயும் தேடி யாராவது இங்க வந்தா உதவட்டும்னு ரெண்டு வரி. மேக்ல டெர்மினல் ஆப்கிட்ட ஆப்பிள்ஸ்கிரிப்ட்ல ஃப்ரன்ட் விண்டோவோட பவுண்ட்ஸ் கேளுங்க, வர்ற நாலும் இடது, மேல், வலது, கீழ். மூணாவது நாலாவதை அகலம் உயரம்னு எடுத்தா எல்லாம் கெட்டுப்போகும், கழிச்சுத்தான் எடுக்கணும். விண்டோஸ் டெர்மினல்ல டபிள்யூடி கமாண்டோட பாஸ், சைஸ் ரெண்டு ஆப்ஷனும் கொடுக்கலாம், இடம் பிக்சல்ல, அளவு காலம் வரில. அங்க கெட் கன்சோல் விண்டோ ஃபங்ஷனை வைச்சு நகர்த்தப் பாக்காதீங்க, அது கண்ணுக்குத் தெரியாத வேற ஒரு விண்டோவைக் கொடுக்கும், நகர்த்தினேன்னு சொல்லும், திரையில ஒண்ணும் நடக்காது.

---

கருந்திரை:

மைனஸ் 0 போட்டுட்டேன், ஃபாண்டையும் ஒரு பாயின்ட் கூட்டினேன், கோடு போயிடுச்சு. நேத்து மட்டும் ஒண்ணு ஆச்சு, லாக் விண்டோவை மேக்ஸிமைஸ் பண்ணி வைச்சிருந்தப்ப சேவ் ஓடிடுச்சு, காலைல முழுத்திரை அளவுல வந்து எல்லாத்தையும் மூடிக்கிச்சு. இப்ப சேவ் பண்றதுக்கு முன்னாடி எக்ஸ்ப்ராப்ல நெட் டபிள்யூஎம் ஸ்டேட் பாத்து, மேக்ஸிமைஸ்ட்னு இருந்தா அந்த விண்டோவுக்கு மட்டும் பழைய வரியையே விட்டுட சொல்லியிருக்கேன். வேலண்டுக்கு இப்போதைக்கு மாறல, மாறுற அன்னிக்கு நீர்க்குமிழி சொன்ன ஆப் ஐடி வழியிலயே ஆரம்பிக்கிறேன்.