தன்பரப்புக் கடத்தல்: ஒரு சொல் முன்மொழிவு

மதிப்புக்குரிய ஐயா,

surface conduction in strongly correlated insulators என்பதற்குத் தாங்கள் சொற்பட்டியலுக்கு முன்வைத்த ‘வலுவிணைபுக் காவலிகளின் மேற்பரப்புக் கடத்தல்’ என்ற கலைச்சொற்றொடரின் முற்பாதியை அப்படியே ஏற்கிறேன். இலத்திரன்கள் ஒன்றையொன்று வலுவாகத் தள்ளுவதால் ஒன்றின் போக்கை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கணிக்க முடியாத நிலையைச் சொல்ல, புள்ளிவிபரவியலில் மாணவர் படிக்கும் ‘இணைபு’ போதும். ‘பிணைப்பு’ என்றால் இரசாயனப் பிணைப்பென்றே எண்ணிவிடுவார்கள். மின்னைக் கடத்தாத பொருளைக் குறிக்கும் ‘காவலி’ நமது இலங்கைப் பாடநூற்சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் ‘காப்பான்’ என்று வாசித்துக்கொள்ளட்டும்.

எனக்குள்ள தடங்கல் பிற்பாதியில்தான். கல்லடியில் எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள மின்கம்பத்தில், கடற்காற்றோடு வந்த உப்பு பீங்கான் காவலியின்மேல் படிந்து, பனி இறங்கும் இரவுகளில் ஈரமாகிச் சரசரக்கும். அதுவும் மேற்பரப்பு வழியே மின் செல்வதுதான். ஆனால் கடத்துவது பீங்கானல்ல, அதன்மேலுள்ள அழுக்கு. நல்ல மழை கழுவிவிட்டால் ஓசை அடங்கிவிடும்.

சமாரியமும் போரனும் சேர்ந்த சேர்வையான சமாரியம் எக்சாபோரைட்டில் நடப்பது வேறு. குளிரக் குளிர அதன் தடை பல்லாயிரம் மடங்கு ஏறி, ஏறத்தாழ 4 கெல்வினுக்குக் கீழே மேலும் ஏறாமல் நின்றுவிடுவது நெடுங்காலப் புதிராக இருந்தது. இலத்திரன்களின் வலுவான இணைபால் குளிரில் காவலியாகும் இத்தகைய பொருள்களின், அதாவது கொண்டோ காவலிகளின், பரப்பில் கடத்தும் நிலைகள் இருக்கலாமென 2010 இல் பௌதிகவியலாளர் கோல்மன் உள்ளிட்டோர் கோட்பாட்டளவில் காட்டினர். மின் உட்பருமனில் ஓடினால், காந்தப்புலத்தில் ஓட்டத்துக்குக் குறுக்கே தோன்றும் ஹோல் வோல்ற்றளவு தடிப்புக்கு நேர்மாறாக மாறவேண்டும். 2013 இல் வெளியான அளவீடுகளிலோ, கடுங்குளிரில் அது தடிப்பைப் பொருட்படுத்தவேயில்லை. உள்ளே காவலி, வெளியே கடத்தி. கழுவினாலும் போகாது, தேய்த்தாலும் அடுத்த பரப்பு அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

‘தோற்கடத்தல்’ என்றொருவர் எழுதியிருந்தார். அது, ஆடலோட்டம் கடத்தியின் வெளிப்புறத்தை ஒட்டியே ஓடும் ‘தோல் விளைவோடு’ குழம்பும். கோட்பாடு சொல்லும் காரணத்தைக் குறிக்கும் ‘இடத்தியல்’ (topological) என்ற அடையையும் சேர்க்கவேண்டாம். பரப்பு கடத்துவது அளந்து கண்டது, அதற்கான காரணமோ விவாதத்துக்கு உட்பட்டது, காரணத்தைப் பெயரிலே பூட்டிவைப்பது எனக்கு உவப்பில்லை.

ஆகவே ‘தன்பரப்புக் கடத்தல்’ என்று முன்மொழிகிறேன். ‘தன்வெப்பக் கொள்ளளவு’ என்பதில் பொருளுக்கே உரிய பண்பைக் குறிக்கும் ‘தன்’ இங்கும் அவ்வேலையையே செய்கிறது. பீங்கானில் நிகழ்வதைப் ‘பரப்புக் கசிவு’ என்று தனியே விட்டுவிடலாம். ஒரேயொரு சிக்கல், ‘தன் பரப்பு’ என இடைவெளி விட்டு அச்சிட்டால் பொருள் கெட்டுவிடும் என்பது. அதனால் சொற்பட்டியலில் இதைச் சேர்த்தெழுதும்படி குறிப்பிடவேண்டும்.