69 கமரோவில் எல்எஸ்3 இறக்கலாமா, பழைய 350-யே போதுமா?

கேன்டன்_கமரோ:
எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் இருக்கிறேன். போன அக்டோபரில் ஒரு பெரியவரிடமிருந்து 1969 ஷெவர்லே கமரோ வாங்கினேன். 350 கன அங்குல வி8 இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பாடியில் துரு அதிகம் இல்லை. ஆனால் இன்ஜின் களைத்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. ஹைவேயில் 70 மைல் போனால் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் கத்துகிறது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை வி8 இன்ஜினான எல்எஸ்3 வாங்கி இறக்கலாம் என்று ஆசை. 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். மவுன்ட் (இன்ஜின் தாங்கி), ஹெடர் (புகைக்குழாய்) எல்லாம் கிட்டாகவே கிடைக்கிறது, இரண்டு வார இறுதியில் முடிந்துவிடும் என்கிறார்கள். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் குரூஸுக்கு ஓட்டிப்போக வேண்டும்.

டல்லஸ்_வி8:
என் கருத்து, வேண்டாம். 350-ஐப் பிரித்துப் புது ரிங், பேரிங் போடுங்கள். கார்புரேட்டர் இருக்கும் இடத்திலேயே உட்காரும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வருகிறது, அதைப் போடலாம். கியர்பாக்ஸை மட்டும் ஓவர்டிரைவ் (ஹைவேயில் இன்ஜின் மெதுவாகச் சுழல உதவும் கூடுதல் கியர்) உள்ள 200-4ஆர் ஆக மாற்றினால் ஹைவே கத்தல் போய்விடும். பழைய காருக்குப் பழைய சத்தம்தான் அழகு.

எட்டு_சிலிண்டர்:
தம்பி, என் 68 கமரோவில் எல்எஸ்3 இறக்கி ஆறு வருஷம் ஆகிறது. டல்லஸ் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள்.

பானட்டைத் திறந்து, பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும், பாருங்கள். ஆல்டர்னேட்டர் மறைத்திருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். அங்கே குத்தியிருக்கும் எண்ணை டாஷ்போர்டில் உள்ள விஐஎன்-னோடு (காரின் அடையாள எண்) ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின். எல்எஸ்3 இறக்கினாலும் அதை விற்கக் கூடாது. எண்ணெய் பூசி, சுற்றிக்கட்டி கராஜ் மூலையில் வையுங்கள். காரோடு சேர்ந்து இருக்க வேண்டிய பொருள் அது.

இறக்குவது பெரிய வேலை இல்லை, உண்மைதான். எல்எஸ் வரிசை 1997 கார்வெட்டில் புதிதாக வந்தபோதும் பழைய முறைப்படி புஷ்ராட் (வால்வை இயக்கும் தள்ளுகம்பி), பிளாக்குக்குள்ளேயே ஒரே கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றுதான் செய்தார்கள். அதனால் உடம்பு ஒல்லி. 67 மஸ்டாங்கில் ஃபோர்டின் கயோட்டி வி8 இறக்குகிறவர்களைப் பாருங்கள்: தலைமேல் நான்கு கேம்ஷாஃப்ட், அகலம் கொள்ளாமல் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவரையே அறுக்கிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை. அடாப்டர் பிளேட் போட்டால் பழைய மவுன்டிலேயே உட்காரும். அலுமினிய பிளாக் என்பதால் முன்பக்கம் 100 பவுண்டுக்கு மேல் எடையும் குறையும். ஆனால் இன்ஜினோடு வரும் ஆயில் பேன் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) ஃபிரேமின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் இடிக்கும், இப்படி இன்ஜின் மாற்றுவதற்கென்றே செய்த பேன் வேண்டும். ஏசி கம்ப்ரெசரைக் கீழே மாட்டினால் ஃபிரேமில் முட்டும், மேலே ஏற்றுங்கள்.

நான் பட்டது பெட்ரோலில். கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும். எல்எஸ்3-க்கு 58 வேண்டும். பழைய டேங்க்கையே வைத்துக்கொண்டு, வெளியே ஃபிரேமில் ஒரு பம்ப் மாட்டினேன். ஓடியது. ஒரு நாள் மாலை கால் டேங்க் பெட்ரோலோடு ஹைவேக்கு ஏறும் வளைவில் திருப்புகிறேன், பிரஷர் முள் 58-லிருந்து சரசரவென்று இறங்குகிறது. பெட்ரோல் எல்லாம் டேங்க்கின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது, பம்ப் காற்றை இழுக்கிறது. பின்னால் டிரக் வந்துகொண்டிருக்க இன்ஜின் நின்றுபோனது. மனைவி பக்கத்தில் இருந்தாள். அந்த வாரமே உள்ளே தடுப்பும் பம்பும் வைத்த புது டேங்க் வாங்கினேன். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஹெட்டிலிருந்து வரும் ஸ்டீம் லைனையும் (கூலன்ட்டில் சேரும் ஆவியை வெளியேற்றும் சிறு குழாய்) அடைத்துவிடாதீர்கள். ரேடியேட்டரின் மேல்பக்கத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள், இல்லையென்றால் ஹெட்டில் ஆவி தங்கிச் சூடேறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். டிரம்மை வைத்துக்கொண்டு 430 குதிரையை அவிழ்த்துவிடக் கூடாது. முன்னால் டிஸ்க், நடுவில் முன் ஃபிரேமையும் பின்பக்கத்தையும் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர், அப்புறம்தான் இன்ஜின். எனக்கு இன்ஜினுக்கு ஆன அதே அளவு பணம் மற்றவைக்கும் ஆனது. மாலை நேரமும் வார இறுதியுமாக ஏழு மாதம் பிடித்தது.

கேன்டன்_கமரோ:
அண்ணா, இப்போதுதான் கராஜிலிருந்து வருகிறேன். டாஷ்போர்டு விஐஎன்-னில் ஆலையைக் குறிக்கும் எழுத்து 'என்', அதாவது ஓஹையோ நார்வுட் ஆலை. இன்ஜினில் 19எல் என்று தொடங்குகிறது. எண்ணும் சேரவில்லை.

எட்டு_சிலிண்டர்:
'எல்' கலிஃபோர்னியா வேன் நைஸ் ஆலை. வேறொரு 69 ஷெவியில் பிறந்த இன்ஜின், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் தாராளமாகக் கை வைக்கலாம். அந்த 350-ஐயும் பிரித்துச் சரிசெய்ய ஆசைப்படுகிறவர் கையில் கொடுங்கள்.

இந்த ஆகஸ்டுக்கு முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இந்த வருஷம் 350-யோடேயே வுட்வர்டுக்கு வாருங்கள், என் காரின் அடியில் படுத்து எது எங்கே இடிக்கிறது என்று நேரிலேயே பாருங்கள். பிரேக் வேலையை மட்டும் இப்போதே தொடங்கிவிடலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலின் படத்தை இங்கே போடுங்கள், எந்த டிஸ்க் கிட் பொருந்தும் என்று சொல்கிறேன்.