அழிய மாட்டேங்குற ஃபைல்: யாரு புடிச்சிருக்கறதுன்னு கண்டுபிடிச்ச வழிகள்

நொய்யல்கரை, திருப்பூர்

விண்டோஸ்ல ஃபைல் டெலீட் ஆகலைன்னு இந்த ஃபோரத்துல எழுதறவங்கள்ல முக்காவாசிப் பேரு, திரையில என்ன மெசேஜ் வந்துச்சுன்னு சொல்றதே இல்லீங்க. பாதி விடை அதுலதான் இருக்குது. "வேற புரோகிராம்ல திறந்திருக்கு"ன்னு வந்தா ஒரு வழி. "அனுமதி வேணும்"னு வந்தா வேற வழி. ஃபைல் கண்ணு முன்னால இருக்கும்போதே "அப்படி ஒரு ஃபைல் இங்க இல்லை"ன்னு வந்தா, பேருலயோ பாதை நீளத்துலயோ கோளாறு. "சிதைஞ்சிருக்கு, படிக்க முடியலை"ன்னா டிஸ்க்கைப் பாக்கணும். இது எதையும் பாக்காம, பூட்டை உடைக்கிற இலவச சாஃப்ட்வேர் ஒண்ணைத் தேடி இறக்கிப் போட்டா, ஃபைல் போகுதோ இல்லையோ, கேக்காத டூல்பார் ரெண்டு வந்து உக்காந்துக்கும்.

பனியன் கம்பெனி டிசைன் செக்ஷன்ல எச்சா வர்றது முதல் வகை. கோரல்டிரா ஹேங் ஆகி சன்னல் மூடியிருக்கும், ஆனா பின்னால அது ஓடிக்கிட்டே இருக்கும். விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி, ரெஸ்மான் (resmon)னு அடிச்சு என்டர் தட்டுங்க. ரிசோர்ஸ் மானிட்டர் வரும். சிபியு டேபுல "அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்"ங்கற பட்டைக்கு வலது ஓரத்துல தேடற கட்டம் இருக்குது. ஃபைல் பேருல ஒரு துண்டு அடிச்சாப் போதும், எந்த புரோகிராம் புடிச்சிருக்குதுன்னு பிஐடிங்கற அதோட அடையாள எண்ணோட காட்டிரும். அதை ரைட் கிளிக் பண்ணி எண்ட் புராசஸ் குடுத்தா முடிஞ்சுது. அதுக்கு முன்னால அந்த புரோகிராம்ல சேவ் பண்ணாத வேற வேலை இருக்குதான்னு மட்டும் பாத்துக்குங்க.

அங்க எக்ஸ்ப்ளோரர்னே காட்டினா, ஃபைலை ஓரத்துல காட்டற பிரிவியூ பேன் திறந்திருக்கும். ஆல்ட்டும் பியும் சேத்து அமுக்கினா அது மூடிக்கும்.

"காப்பி ஆகுதுங்க, டெலீட்தான் ஆகலை"ன்னு பலரும் கேக்கறதுக்குக் காரணமும் இதுலதான் இருக்குது. விண்டோஸ்ல ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே, மத்தவங்க படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமான்னு மூணையும் தனித்தனியாச் சொல்லித்தான் திறக்கும். படிக்க மட்டும் விட்டுட்டு மீதி ரெண்டையும் மறுத்திருந்தா, காப்பி ஆகும், அழியாது.

பெருந்துறை சிப்காட்

நெட்வொர்க் ஃபோல்டரா இருந்தா உங்க சிஸ்டத்துல ரெஸ்மானை எவ்வளவு தேடினாலும் ஒண்ணும் கிடைக்காதுங்க. புடிச்சிருக்கறது பக்கத்து மேசையில இருக்கற சிஸ்டம். ஃபோல்டர் எந்த மெஷின்ல ஷேர் ஆயிருக்குதோ அந்த மெஷினுக்குப் போகணும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், அதுல ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதுக்குள்ள ஓப்பன் ஃபைல்ஸ். ஃபைல் பாதை, திறந்த யூசர் பேரு, படிக்கவா எழுதவா திறந்திருக்கு, எல்லாம் வரிசையா இருக்கும். ரைட் கிளிக்ல குளோஸ் ஓப்பன் ஃபைல்.

நம்ம பக்கத்து ஆபீஸ்கள்ல எல்லாருக்கும் ஒரே லாகின் குடுத்து வச்சிருப்பாங்க. அப்ப யூசர் பேரைப் பாத்து ஒண்ணும் தெரியாது. மேல இருக்கற செஷன்ஸைப் பாருங்க, அதுல கம்ப்யூட்டர் பேரோ ஐபியோ இருக்கும். ஆளைக் கூப்பிட்டு மூடச் சொல்லிட்டு அப்பறம் செய்யறதுதான் முறை. இங்கிருந்தே மூடிட்டா அவங்க கடைசியா சேவ் பண்ணதுக்குப் பொறவு அடிச்சதெல்லாம் போயிரும். பேக்கிங் லிஸ்ட் அடிச்சுக்கிட்டிருக்கறவங்ககிட்ட இதைப் பண்ணிப் பாருங்க, அன்னைக்குச் சோறு இறங்காது.

எக்செல் ஃபைலுக்குப் பக்கத்துல ஒரு அலைக்குறியும் டாலர் குறியும் போட்டு, மறைஞ்ச ஃபைல் ஒண்ணு வரும். அது 165 பைட்தான். நோட்பேட்ல திறந்தா யாரு திறந்தாங்களோ அவங்க ஆஃபீஸ் யூசர் பேரு அதுல இருக்கும். கரண்ட் போயி சிஸ்டம் அணைஞ்சா அது அப்படியே தங்கிரும், அதனாலதான் யாருமே திறக்காத ஃபைலை "இன்னார் திறந்திருக்கார்"னு காட்டும். எல்லாரும் எக்செல்லை மூடின பொறவு அந்தச் சின்ன ஃபைலை அழிச்சாச் சரியாயிரும்.

டேலி டேட்டா ஃபோல்டர் அழியலைன்னாலும் இதே கதைதான், எங்கயோ ஒரு கிளையன்ட்ல அந்தக் கம்பெனி திறந்திருக்கும். ஆனா அங்க ஃபோல்டர் பேரெல்லாம் வெறும் எண்தானுங்க. செலக்ட் கம்பெனியில எந்த எண் எந்தக் கம்பெனின்னு பாத்துட்டு, பேக்கப் எடுத்துட்டு, அப்பறம் கை வைங்க.

காங்கேயம் காளை

தம்ஸ் டாட் டிபிக்கு என்ன பண்றதுங்ண்ணா? ஃபோல்டரே அழிய மாட்டேங்குது.

பெருந்துறை சிப்காட்

அது நெட்வொர்க் ஃபோல்டர்ல எக்ஸ்ப்ளோரர் போட்டு வைக்கற படக் குறிப்புங்க. அதைப் புடிச்சிருக்கறதும் எக்ஸ்ப்ளோரர்தான். வியூவை டீடெய்ல்ஸுக்கு மாத்தி, அந்த ஃபோல்டரை விட்டு வெளிய வந்து, கொஞ்சம் பொறுத்து அழிங்க. நிரந்தரமா வேண்டாம்னா குரூப் பாலிசியில யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ஃபைல் எக்ஸ்ப்ளோரர்னு போனா, மறைஞ்ச தம்ஸ் ஃபைல்ல கேஷ் பண்றதை நிறுத்தற வரி இருக்குது. விண்டோஸ் ஹோம் எடிஷன்ல குரூப் பாலிசி எடிட்டர் வராது.

ஃப்ளெக்ஸ் கடை, ஈரோடு

ஃபான்ட் பத்தி யாரும் சொல்லலையே. பேனர், கல்யாணப் பத்திரிகை அடிக்கற சிஸ்டத்துல பழைய தமிழ் ஃபான்ட் நூத்துக்கணக்குல குவிஞ்சிருக்கும். ஒரே பேருல ரெண்டு, உடைஞ்சது ஒண்ணு. அழிக்கப் போனா "பயன்பாட்டில் உள்ளது" என்று நிற்கும். முதலில் கோரல், ஃபோட்டோஷாப், பிரவுசர் எல்லாவற்றையும் ஒட்டுக்கா மூடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சர்வீசஸில் விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸை ஸ்டாப் கொடுத்துவிட்டு உடனே அழித்துப் பாருங்கள். தானாகவே மறுபடி கிளம்பிவிடும் சர்வீஸ் அது, தாமதிக்கக் கூடாது.

அதுவும் பலிக்கவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரி. ஹெச்கே லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், ஃபான்ட்ஸ். அந்தப் பகுதியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஃபான்ட்டின் வரியை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் அதை ஏற்றாது. அப்போது ஃபைல் சாதாரணமாகவே அழியும்.

இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பு முதல், அட்மின் அனுமதி கேட்காமல் போடும் ஃபான்ட் அந்த யூசருக்கு மட்டும் என்று ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டரின் உள்ளே அந்த ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

சென்னிமலை

மூணாவது வகைக்கு வர்றேன், "அப்படி ஃபைலே இல்லை"ங்கறது. விண்டோஸ்ல பாதை நீளம் 260 எழுத்துதான், டிரைவ் எழுத்து, முக்காப்புள்ளி, சாய்கோடு, கடைசியில கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி எல்லாம் சேத்து. அதுல நமக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருக்குதுங்க. தமிழ்ல பேரு வச்சா, நம்ம கணக்குல ஒரு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்குல பெரும்பாலும் ரெண்டு. கோயம்புத்தூர்னு எழுதினா நமக்கு 7 எழுத்து, விண்டோஸுக்கு 13. பையர் பேரு, ஸ்டைல் பேரு, கலர், தேதின்னு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா தமிழ்லயே போட்டுக்கிட்டுப் போனா 260 சீக்கிரமே தீந்துரும்.

அப்ப அந்த ஃபைல் எப்படி உருவாச்சுன்னு கேக்கலாம். நெட்வொர்க் டிரைவா மேப் பண்ணின சிஸ்டத்துல பாதை சின்னதாத் தெரியும், அதனால உருவாக விட்டுரும். அதே ஃபைல் சர்வர்ல டி டிரைவ்ல இருந்து எண்ணினா 260 தாண்டியிருக்கும். சர்வர்ல உக்காந்து அழிக்கப் போறவங்களுக்குத்தான் தகராறு. ஜிப் பிரிக்கற சாஃப்ட்வேர் சிலதும் இப்படி நீட்டி வச்சிரும்.

வழி ரொம்ப எளிசு. மேல் ஃபோல்டர்ல இருந்து ஒவ்வொண்ணா 1, 2, 3-ன்னு பேரு மாத்திக்கிட்டே கீழ போங்க. நீளம் குறைஞ்சதும் அழிஞ்சிரும். ஆயிரக்கணக்குல இருந்தா விண்டோஸோடயே வர்ற ரோபோகாப்பி (robocopy) கமாண்ட். காலி ஃபோல்டர் ஒண்ணு உருவாக்கி, கமாண்ட் பிராம்ப்ட்ல ரோபோகாப்பி, காலி ஃபோல்டரோட பாதை, அழிக்க வேண்டிய ஃபோல்டரோட பாதை, கடைசியில சாய்கோடு போட்டு மிர் (/mir). பாதையில இடைவெளி இருந்தா மேற்கோள்குறிக்குள்ள போடணும். ரெண்டாவதா எழுதற ஃபோல்டர்ல இருக்கறது மொத்தமும் போயிரும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. என்டர் தட்டறதுக்கு முன்னால அந்தப் பாதையை ஒருக்காவுக்கு ரெண்டு தடவை படிங்க.

பேரோட கடைசியில ஒரு இடைவெளியோ புள்ளியோ இருந்தாலும் இதே மெசேஜ்தான். விண்டோஸ் தானா அப்படிப் பேரு வைக்க விடாது, மேக்லயோ நாஸ் பெட்டி (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ்) வழியாவோ வந்த ஃபோல்டரா இருக்கும். கரூர் எக்ஸ்போர்ட் ஆபீஸ்கள்ல பையர் அனுப்பற டெக் பேக்ல (துணியோட அளவு, டிசைன் விவரம் இருக்கற ஃபைல்கள்) இது சகஜம். கான் (CON), பிஆர்என் (PRN), ஆக்ஸ் (AUX), நல் (NUL), காம்1 (COM1), எல்பிடி1 (LPT1)-ன்னு பேரு இருந்தாலும் அழியாது. டாஸ் காலத்துல இருந்தே அதெல்லாம் கருவிகளுக்கு ஒதுக்கின பேரு. கமாண்ட் பிராம்ப்ட்ல டெல் (del) அடிச்சு, மேற்கோள்குறிக்குள்ள முதல்ல \\?\ போட்டு, அதை ஒட்டி டிரைவ் எழுத்துல ஆரம்பிச்சு முழுப் பாதையும் எழுதுங்க. அந்த முன்னொட்டு இருந்தா விண்டோஸ் பேரைச் சரிபார்க்காம அப்படியே எடுத்துக்கும். ஃபோல்டரா இருந்தா டெல்லுக்குப் பதிலா ஆர்டி (rd), அதோட /எஸ் (/s). கடைசி இடைவெளியை விட்டுறாம மேற்கோள்குறியை மூடணும்.

பீளமேடு

அனுமதி விஷயம். பழைய சிஸ்டத்தின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டு மாட்டினால் இது வரும். பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபைப் பாருங்கள், யூசர் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் இருக்கும். விண்டோஸ் உரிமையாளரைப் பெயரால் எழுதி வைப்பதில்லை, அந்த எண்ணால்தான். ஊருக்குப் பத்து பழனிச்சாமி இருந்தாலும் ஆதார் எண் வேறு வேறு அல்லவா, அப்படி இரண்டு சிஸ்டத்திலும் "அட்மின்" என்று ஒரே பெயர் இருந்தாலும் ஆள் வேறு.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டேக்ஓன் (takeown) /F போட்டு பாதை, பிறகு /R /D Y. அது உரிமையை மட்டும்தான் மாற்றும். அடுத்து ஐகேக்ல்ஸ் (icacls), பாதை, /grant, உங்கள் யூசர் பெயர், முக்காப்புள்ளி, F, கடைசியில் /T. இரண்டையும் செய்தால்தான் அழிக்க முடியும். முதலாவதோடு நிறுத்திவிட்டு "பலிக்கவில்லை" என்று சொல்பவர்களே அதிகம்.

ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர் மேல் இதைச் செய்யவே கூடாது. அங்கே உரிமையாளர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு, அதை மாற்றினால் பின்னாளில் அப்டேட்டில் வினை வரும். பழைய விண்டோஸ் தங்கியிருக்கும் விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் முந்தைய இன்ஸ்டலேஷனை டிக் செய்து நீக்குங்கள். கையால் அழிக்க முயல்வது வெட்டி வேலை.

மேலே ரெஸ்மான் சொன்னவருக்கு ஒரு கூடுதல் குறிப்பு. அதில் அகப்படாதது, மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் அகப்படும். அட்மினாகத் திறந்து, கண்ட்ரோல் எஃப், ஃபைல் பெயர். டிஎல்எல்லாக (புரோகிராமுக்குத் துணையாக ஏறும் ஃபைல்) ஏற்றப்பட்ட ஃபைலையும் அது காட்டும். அதில் குளோஸ் ஹேண்டில் என்று ஒன்று உண்டு, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹேண்டில் என்பது திறந்த ஃபைலுக்காக புரோகிராம் வைத்திருக்கும் பிடி எண்; புரோகிராமுக்குத் தெரியாமல் அதை மூடினால், அதே எண் வேறொரு ஃபைலுக்குப் போய்விடலாம், பழைய ஃபைல் என்று நினைத்து புரோகிராம் புதியதில் எழுதிவிடும். புரோகிராமையே மூடுவது மேல். மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவியான பவர்டாய்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் ஃபைல் லாக்ஸ்மித் வந்தது, ரைட் கிளிக்கிலேயே காட்டிவிடும்.

அழித்த ஃபைல் பட்டியலில் அப்படியே நிற்கிறது, தொட்டால் அனுமதி இல்லை என்கிறது. இது உரிமைச் சிக்கல் இல்லை. அழிப்பு பதிவாகிவிட்டது, யாரோ கடைசியாக ஒருவர் இன்னும் மூடவில்லை. அவர் மூடியதும் தானே மறையும்.

"ஷட்டவுன் பண்ணிப் போட்டும் போகலை" என்பவர்களுக்கு: விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் டிஸ்கில் அப்படியே உறங்கி, மறுநாள் அதே நிலையில் எழுகின்றன. டிரைவர் ஒன்று பிடித்திருந்தால் பிடி விடாது. ரீஸ்டார்ட் கொடுங்கள், அதுதான் முழுதாக இறங்கி ஏறுவது.

நாமக்கல் ஜெராக்ஸ்

பென்டிரைவ்ல அழிச்சு, கழட்டி, மறுபடி சொருகினா எல்லாம் திரும்ப வந்து நிக்குதுன்னா அதோட ஆயுசு முடிஞ்சுதுங்க. சிப் தேய்ஞ்சதும் கண்ட்ரோலர் தன்னாலயே எழுதறதை நிறுத்திக்கும். ஃபார்மேட் பண்ணாலும் ஆகாது. உள்ள இருக்கறதைக் காப்பி எடுத்துட்டுப் புதுசு வாங்குங்க.

எழுத்துப் பாதுகாப்புன்னு மெசேஜ் வந்தா, மெமரி கார்டு அடாப்டர்ல இடது ஓரத்துல இருக்கற சின்ன லாக்கைப் பாருங்க. அது சரியா இருந்தா கமாண்ட் பிராம்ப்ட்ல வரிசையா டிஸ்க்பார்ட் (diskpart), லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் எண், ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி. எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஜிபி அளவை வச்சு உறுதி பண்ணிக்குங்க.

எம்பிராய்டரி மெஷினுக்கு டிஎஸ்டி ஃபைல் கொண்டு போற பென்டிரைவை எஜெக்ட் குடுக்காமப் புடுங்கிப் புடுங்கி, பேரெல்லாம் கிறுக்கலா மாறியிருக்கும். அதுக்குக் காப்பி எடுத்துட்டு கமாண்ட் பிராம்ப்ட்ல செக்டிஸ்க் (chkdsk), டிரைவ் எழுத்து, முக்காப்புள்ளி, /எஃப். ஈபி கரண்ட் போய் ஹார்ட் டிஸ்க்ல 0x80070570 பிழை வந்தாலும் அதேதான். டிஸ்க்ல டக் டக்குன்னு சத்தம் வந்தா மட்டும் செக்டிஸ்க் ஓட்டாதீங்க, முதல்ல டேட்டாவை வெளிய எடுங்க.

சரவணம்பட்டி

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே திறந்திருக்கும் ஃபைலும் அழியும். அழிக்கும் உரிமை ஃபைலில் இல்லை, அது இருக்கும் டைரக்டரியில் எழுத உரிமை வேண்டும். ரூட்டாக (முழு உரிமை உள்ள யூசர்) இருந்தும் அழியாவிட்டால் எல்எஸ்ஆட்டர் (lsattr) போட்டுப் பாருங்கள், மாற்றக் கூடாது என்று பூட்டும் ஐ (i) என்ற எழுத்து இருந்தால் சிஎச்ஆட்டர் -ஐ (chattr -i) போட்டு எடுங்கள்.

அங்கே வரும் சிக்கல் தலைகீழ்: பெரிய லாக் ஃபைலை அழித்தாயிற்று, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கமாண்ட் இன்னும் டிஸ்க் நிறைந்தே இருப்பதாகக் காட்டுகிறது. ஏதோ ஒரு புரோகிராம் அதைத் திறந்தே வைத்திருக்கிறது, மூடும்வரை இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 (lsof +L1) போட்டால் எதுவென்று தெரியும். அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

காங்கேயம் காளை

தம்ஸ் போயிருச்சுங்ண்ணா, நன்றி. சி டிரைவ்ல ஹைபர்ஃபில்னு ஒண்ணு பல ஜிபி இருக்குது, அதையும் அழிக்கலாங்களா?

பீளமேடு

கையால் அழியாது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் (powercfg /h off) கொடுங்கள், தானே நீங்கிவிடும். கூடவே ஹைபர்நேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும். டெஸ்க்டாப்புக்குப் பரவாயில்லை. லேப்டாப் என்றால் பேட்டரி தீரும்போது வேலையைக் காப்பாற்றுவது அந்த ஹைபர்நேட்தான், வைத்திருங்கள்.